அசையாத கோடு

பட்டறை என்று தெருவில் எல்லோரும் சொல்வார்களே தவிர, அங்கே சம்மட்டிச் சத்தமும் கிடையாது, உலையும் கிடையாது. உள்ளே போனால் ஒரு பழைய மின்விசிறி முனகுவது கேட்கும், ஈயம் உருகுகிற வாசனை வரும், அவ்வளவுதான். கீழே வேலை, மேலே குடித்தனம். அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் மனைவிமார் இரண்டு பேர், இந்த நாலு பேர்தான் கம்பெனி. சம்பளம் என்று யாருக்கும் தனியாகக் கிடையாது. சண்டைக்கு மட்டும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அண்ணன் சர்க்யூட் வரைவார். தம்பியின் மனைவி போர்டில் பற்றவைப்பாள். தம்பி அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டி வாசலைத் தாண்டும். அண்ணனின் மனைவி பெட்டிகளைக் கட்டி அனுப்புவாள். கூடவே மற்ற மூன்று பேரையும் கட்டி மேய்ப்பதும் அவள் வேலைதான்.

தம்பிக்கு அக்கம்பக்கத்தில் அளவுக்காரன் என்று பெயர். துணி வாங்கினாலும் கடைக்காரர் முன்னாலேயே விரித்துச் சாண் போட்டுப் பார்க்கிற ஆள். அதிலும் முழு எண் என்றால் அவனுக்கு உயிர். டீக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை போதுமா என்று மனைவி கேட்டால், "ஒண்ணு போடு, இல்ல ரெண்டு போடு. அது என்ன அரை?" என்பான். அவள் சிரித்துக்கொண்டே ஒன்றரைதான் போடுவாள். அவனும் தெரியாமல் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பான்.

அவர்கள் செய்த பெட்டி கைக்கு அடக்கமானது. அதற்குள்ளிருந்து ரேடியோ அலை புறப்படும். மழை எங்கே பெய்கிறது என்று பார்க்கிற ரேடார் செய்யும் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பலகை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பொருத்துவார்கள். எல்லாப் பெட்டிகளின் அலையும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கினால்தான் பலகை மொத்தமும் சேர்ந்து ஒரே திசையைப் பார்க்கும். அணிவகுப்பில் நடப்பவர்கள் மாதிரி இப்படி அடி பிசகாமல் இருப்பதைத்தான் ஃபேஸ் என்பார்கள். இந்தத் தடவை கம்பெனி ஒரு புதுவேலை வைத்திருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக, கண் இமைப்பதற்குள் வேறொரு அலைவரிசைக்குத் தாவி, அங்கே ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பி வருகிற பெட்டி, போகவே போகாத மாதிரி, மற்றவற்றின் அடியோடு அடி சேர வேண்டும். சொல்வதற்குச் சுலபம்தான். அண்ணன் அதற்காக ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை வேளையில் ஃபோன் வந்தது. எடுத்தவர் அண்ணன். எதிர்முனையில் ரேடார் கம்பெனியின் இன்ஜினியர் அம்மா. வெயில் கொளுத்துகிற நாளிலும் குடையோடுதான் வருவாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் குடைக்காரம்மா என்று பெயர். மழை ரேடார் செய்கிறவளே குடையை நம்பினால் நாம் எதை நம்புவது என்று அளவுக்காரன் ஒருதடவை கேலி செய்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்குக் கேலி வரவில்லை.

ஃபோனில் அவள் குரல் வெளியே கேட்டது. "சார், உங்க பெட்டிங்க எல்லாம் ஒரே பலகையில உக்காந்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பாக்குதுங்க. வானம் வெளுத்துக் கிடக்குற பக்கம் மழைன்னு காட்டுது. கொட்டுற பக்கம் ஒண்ணுமில்லங்குது. தாவாம விட்டா நல்லா இருக்கு. தாவிட்டுத் திரும்பினா, சில நேரம் சரியா வருது, சில நேரம் கன்னாபின்னான்னு வருது."

"சில நேரம்னா மேடம், அது லூஸ் ஜாயின்ட்டாத்தான் இருக்கும்," என்றார் அண்ணன். யோசிக்கக்கூட இல்லை. "பத்தவைக்கிறதுல எங்கயோ விட்டுப்போயிருக்கு. திருப்பி அனுப்புங்க. ஒண்ணுவிடாமப் பாத்துச் சரிபண்ணித் தர்றோம்."

"அப்ப பத்தவைக்கிற ஆளையும் மாத்திடுங்க சார். இல்ல, அந்த வேலைய மெஷின்ல பண்ற இடமாப் பாத்து வெளிய குடுங்க. நான் நேர்ல வந்து பாப்பேன்."

"கண்டிப்பா மேடம்."

பற்றவைக்கிற ஆள் அந்த அறையிலேயே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த சால்டரிங் கம்பியை அதன் தாங்கியில் மெதுவாக வைத்தாள். அவள் திரும்பிப் பார்த்தது அண்ணனை அல்ல, புருஷனை. அளவுக்காரன் அலையைக் காட்டுகிற ஸ்கோப்பின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா," என்றார் அண்ணன். "கைவேலைன்னா அப்படித்தான். யாருக்கும் வர்றதுதான்."

"என் கையில இதுவரைக்கும் ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லையே மாமா?"

"அதான் சொல்றேன், யாருக்கும் வர்றதுதான்."

மாடியில் சாப்பிடும்போது அண்ணி தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். "கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துடேன். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் கிட்டப் பார்வை போகும். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?" அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்ல வந்தால் காயத்தின் மேலேயே கையை வைப்பாள்.

தம்பியின் மனைவி போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தாள். நனைந்த செருப்பை வாசலில் உதறிக்கொண்டே, "கண்ணு நல்லாத்தான் இருக்காம்," என்றாள்.

"அப்புறம் என்ன?" என்றான் அளவுக்காரன்.

"கண்ணு நல்லாருக்குன்னா, அப்ப கைதான்."

பெட்டிகள் வேனில் வந்து இறங்கின. அட்டை நனைந்து கிழிந்து, கட்டியிருந்த கயிறு மட்டும் ஒழுங்காக இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி உருக்கிப் பற்றவைக்கத் தொடங்கினாள். உருக்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, இடத்தைத் துடைத்து, புது ஈயம் வைப்பாள். ஒரு போர்டில் நூற்றுக்கணக்கான ஜாயின்ட். முன்பெல்லாம் வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவளுடைய மேசை விளக்கின் கழுத்து எப்போதோ தளர்ந்துபோயிருந்தது. திருப்பிவைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானாகத் தலை குனியும். அளவுக்காரன் அதைச் சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். சின்ன எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் யாரையாவது கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வாள்.

திரும்பி வந்த பெட்டிகளை, அவள் கை வைப்பதற்கு முன்னாலேயே, அவன் சிலவற்றை எடுத்துச் சோதித்துப் பார்த்தான். அவனுடைய சோதனை இதுதான். ஒரு பெட்டியை ஒரே அலைவரிசையில் நிற்க விடுவான். இன்னொன்றைத் தாவவிட்டுத் திரும்ப வரவழைப்பான். இரண்டுக்கும் அடி சேர்ந்திருந்தால் திரையில் ஒரு கோடு நேராக, அசையாமல் நிற்கும். பிசகினால் கோடு நகரும். அவன் பார்த்த எல்லாப் பெட்டியிலும் கோடு வரைந்துவைத்த மாதிரி நின்றது.

"அண்ணே, இங்க எல்லாமே நல்லா இருக்கே?"

"மேசையில நல்லாத்தான் இருக்கும். வண்டியில குலுங்கினாத்தான் லூஸ் ஜாயின்ட் தெரியும். நீ அளக்குறவன், உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்பது போல அவனும் தலையை ஆட்டிவைத்தான். அண்ணன் வரைந்ததில் தப்பு இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் நினைக்க வராது. தான் அளந்ததில் தப்பு இருக்கும் என்று அவனுக்கும் வராது. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு மத்தியானம் இடி இடித்துக் கரண்ட் போய்விட்டு வந்தது. அவன் மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சோதனையில் இருந்த பெட்டியைத் தாவவிட்டான். கோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு படி இறங்கி, திரையின் அடிவரைக்கும் போய், மேலே ஏறி, மறுபடி இறங்கியது. அது அவள் இன்னும் மறுபடி பற்றவைக்காத பெட்டி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோடு ஓடுவதைப் பார்த்ததும் அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். அப்பாடா, பிடித்துவிட்டோம், அவள் கையேதான் என்று நெஞ்சு லேசானது. பிற்பாடு எதை மறந்தாலும் அந்த ஒரு நொடியை அவனால் மறக்க முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, அவள் சரிசெய்து முடித்த பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டான். அதிலும் கோடு ஓடியது. இன்னொன்றைப் போட்டான். ஓடியது. அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த முதல் மாதிரிப் பெட்டியை இறக்கினான். அது அண்ணன் தன் கையாலேயே பற்றவைத்தது, அவள் அதைத் தொட்டதே இல்லை. அதிலும் கோடு அதே மாதிரி, படி படியாக இறங்கி ஓடியது. 

அப்புறம்தான் பெட்டி தாவிப் போய்த் திரும்புகிற நேரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்தான். எப்போதும் சரியாக ஒரு மில்லி செகண்டில் இருக்கும். கரண்ட் போய் வந்ததில் அது ஏதோ பின்னமும் புள்ளியுமாக ஒரு கோணல் எண்ணில் வந்து நின்றிருந்தது. அதன் குமிழைத் திருகி மறுபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தான். கோடு அப்படியே நின்றது. கொஞ்சம் நகர்த்தினான், ஓடியது. ஒன்றில் வைத்தான், நின்றது.

மணிக்கு ஒரு பஸ் வருகிற நிறுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கும்போது கிளம்பி, சரியாக ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால், அங்கே ஒரு பஸ் நிற்கும். நமக்காகவே காத்திருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தில் வந்து பார்த்தால்தான் அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பது தெரியும். பெட்டியும் அப்படித்தான். தாவிப் போகும்போது பழைய அடியை அது நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. போன இடத்து அடியிலிருந்து அப்படியே தொடர்ந்து வந்தது. அவன் முழு எண்ணாகப் பார்த்து நேரத்தை வைத்திருந்ததால், திரும்புகிற போதெல்லாம் இரண்டு அலையும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து நின்றன. பலகையில் இருக்கிற பெட்டிகளோ கண்ட நேரத்துக்குப் போய், கண்ட நேரத்துக்குத் திரும்புகிறவை. பெட்டியை மறதியுள்ளதாக வரைந்தது அண்ணன். அந்த மறதி தெரியாதபடி, வருஷம் முழுக்க, பார்த்துப் பார்த்து அளந்தது இவன்.

எதற்காக ஒன்றில் வைத்தான் என்று யாராவது கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒன்றில் வைத்தால் படம் ஆடாமல் நிற்கும், கண் வலிக்காது. அதுதான் காரணம்.

"ஏங்க," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம் வந்து இந்த விளக்கப் பிடிங்களேன்."

அவன் போனான். விளக்கின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினான். அவள் போர்டின் மேல் குனிந்தாள். ஆள்காட்டி விரலில் சுட்டுக்கொண்ட இடத்தில் துணி சுற்றியிருந்தாள். ஈயம் உருகிப் புகை எழுந்து அவள் நெற்றியைத் தடவிக்கொண்டு போனது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆங். இந்த ஜாயின்ட்டப் பாருங்க, இது நல்லாத்தானே இருக்கு?"

அவன் பார்த்தான். மழைத்துளி மாதிரி வழவழவென்று, ஒரு குறை சொல்ல முடியாமல் இருந்தது.

"சொல்லுங்களேன்."

"ம்."

"ம்னா? நல்லாருக்கா, இல்லையா? எனக்கு இப்பல்லாம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசமே தெரிய மாட்டேங்குது. எதப் பாத்தாலும் நல்லாத்தான் தெரியுது. அப்படித்தானே அப்பவும் தெரிஞ்சிருக்கும்? அதான் பயமா இருக்கு." அவள் முகத்தை நிமிர்த்தாமலே பேசினாள். "எதுக்கும் உருக்கிடறேன். சந்தேகத்தோட விடக் கூடாது."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும், இரண்டு வார்த்தை. ஆனால் சொன்னால் அடுத்த நிமிஷம் தலை குனிய வேண்டியவன் அவன். அண்ணனிடம் பேசிவிட்டு முறையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். அந்த நல்ல ஜாயின்ட் அவன் கண் முன்னாலேயே உருகியது. அவன் கை ஆடாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லையே, உங்க கை ஆடவே இல்ல," என்றாள் அவள்.

மறுநாள் காலை, பெண்கள் மாடியில் இருந்த நேரம் பார்த்து அண்ணனைப் பிடித்தான். முதல் மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்து, நேரத்தை மாற்றி மாற்றிக் காட்டினான். அண்ணனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கோடு இரண்டாவது படி இறங்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"நமக்கு மட்டும்தான்."

"அவளுக்கு?"

"இன்னும் சொல்லல."

அண்ணன் சர்க்யூட் தாளை இழுத்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். பிறகு, "சரிபண்ணிடலாம்டா," என்றார். "போயிட்டு வர்ற நேரத்தையும் எண்ணிக்கிட்டே இருக்குற மாதிரி ஒரு சின்ன ஐசி வச்சாப் போதும். அடுத்த தடவை அனுப்பும்போது அதையும் சேத்து வச்சு அனுப்பிடலாம். இப்ப வாயத் தொறக்க வேணாம்."

"அந்தம்மா வந்து பாப்பாங்களே?"

"வரட்டும். உன் எண்லயே வச்சுக் காட்டு."

"அண்ணே!"

"கேளுடா. வரைஞ்சதுலயே தப்புன்னு சொன்னா, இவங்களுக்கு அடிப்படையே தெரியலன்னு போயிடுவாங்க. ஆயுசுக்கும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஜாயின்ட் தப்புன்னா, ஆள மாத்திட்டோம்னு சொன்னாப் போச்சு."

"அந்த ஆள் என் பொண்டாட்டி."

"அதத்தான் நானும் சொல்றேன். வெளியாள் மேலயா பழி போட்டோம்? பாவம் புண்ணியம் பாக்குறதுக்கு? நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு. கொஞ்ச நாள் கட்டுற வேலையப் பாக்கட்டும். எல்லாம் அடங்கினதும் மறுபடி பழைய இடத்துல உக்காந்துக்கட்டும். அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நல்ல பொண்ணு."

அளவுக்காரன் தலையை ஆட்டினான். அண்ணன் சொன்னதில் இருந்த அநியாயம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைவிட அவனைச் சுட்டது, தலையை ஆட்டியபோது தனக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்ததுதான். அண்ணன் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று இருந்துவிடலாமே. மாடிக்குப் போனான். மனைவி ரொட்டியை வாட்டி, முட்டையோடு வைத்தாள். அவன் சாப்பிட்டான். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு முழுச் சாப்பாட்டைச் சாப்பிட முடிகிறது என்பதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

குடைக்காரம்மா வந்த அன்று மழை கொட்டித் தீர்த்தது. குடையை மடக்கி, வாசலில் சொட்டவிட்டு, நேராகச் சோதனை மேசைக்கு வந்தாள். அண்ணன் சட்டை மாற்றியிருந்தார். அண்ணி மாடிப்படியின் பாதியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுங்க," என்றாள் குடைக்காரம்மா.

அளவுக்காரன் காட்டினான். ஒன்றில் வைத்து, பெட்டியைத் தாவவிட்டான். கோடு நின்றது. அடுத்த பெட்டி. நின்றது. அதற்கடுத்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே! அப்ப ஜாயின்ட்தான் காரணம்."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே மேடம்," என்றார் அண்ணன். சொல்லும்போது குரல் ஒரு தினுசாக இறங்கிப் போயிருந்தது.

அப்போது அளவுக்காரனின் மனைவி டீயோடு வந்தாள். தட்டைக் கையில் ஏந்தியபடியே திரையைப் பார்த்தாள். கோடு நேராக நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் அத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது. "இப்ப சரியா இருக்குங்களா மேடம்?"

"நீங்கதான் பத்தவைக்கிறவங்களா?"

"ஆமாங்க. ஒண்ணுவிடாம எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி வச்சேன். என் கையிலதான் எங்கயோ தப்பு நடந்திருக்கு. எதுலன்னு இன்னும் எனக்கே பிடிபடல. உங்களுக்கு எவ்வளவு சிரமம்! மன்னிச்சுக்குங்க மேடம்." துணி சுற்றிய விரலைத் தட்டுக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். "இனிமே நான் பண்ண மாட்டேன். கட்டுற வேலைக்கு மாறிக்கிறேன்."

அளவுக்காரனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் அதுவும் பிளக்கவில்லை. கை தானாகப் போய்க் குமிழைப் பிடித்தது. கொஞ்சமாகத் திருகினான்.

கோடு இறங்கத் தொடங்கியது.

"என்னாச்சு?" என்றாள் குடைக்காரம்மா.

"தம்பி," என்றார் அண்ணன்.

"இது அவ சரிபண்ணின பெட்டி மேடம்," என்றான் அளவுக்காரன்.  முதல் மாதிரிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். "இந்தாங்க, இது எங்கண்ணன் பண்ணின முதல் மாதிரி. இதுலயும் பாருங்க, இதே மாதிரி ஓடும். எல்லாத்துலயும் ஓடும். ஜாயின்ட் தப்பு இல்ல. தாவிட்டு வர்றப்ப பெட்டிக்கு அடி மறந்துபோகுது. நான் முழு எண்லயே அளந்து அளந்து சரின்னு சொல்லிட்டேன். பிடிச்சிருக்க வேண்டியவன் நான். பிடிக்கல."

குடைக்காரம்மா குமிழைத் தானே திருகிப் பார்த்தாள். நின்றது. ஓடியது. நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவர்கள் கோபப்படுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். "இவ்வளவு நாளா, ஒரே ஒரு எண்ல மட்டுமா சோதிச்சீங்க?" என்றாள். அதற்கு மேல் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அண்ணன் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ஒரு ஐசி சேத்தா சரியாயிடும் மேடம்," என்று சுவரிடம் சொன்னார். "வரைஞ்சது நான்தான்."

"சேத்துக் குடுங்க. கோணல் எண்ணாப் பாத்து நானே வச்சு அளப்பேன். அப்புறம்தான் வாங்குறதா வேண்டாமான்னு சொல்ல முடியும்." அவள் குடையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி, டீத்தட்டோடு அங்கேயே நின்றிருந்தவளிடம், "உங்க வேலையில ஒண்ணும் குறை இல்லம்மா. நான்தான் ஆள மாத்தச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அவளிடம் முதலில் மன்னிப்புக் கேட்டது வெளியாள்தான்.

அண்ணி படியிலிருந்து மெதுவாக மேலே ஏறிப் போய்விட்டாள். அண்ணனும் சர்க்யூட் தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். போகிற போக்கில், "மன்னிச்சுக்கம்மா," என்று சொன்ன மாதிரி இருந்தது. மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அவள் ஆறிப்போன டீயை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அவன் பின்னாலேயே போய் நின்றான்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

"கரண்ட் போயிட்டு வந்ததே, அன்னைக்கு."

"அன்னைக்கு மத்தியானமா?"

"ம்."

அவள் கைகளைத் துடைத்தாள். சுட்ட விரலைத் தனியாகத் துடைத்தாள். அன்றைய நாளை அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்கு அவள் வந்து சேரக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டான்.

"நான் உங்களக் கூப்பிட்டேனே. விளக்கப் பிடிக்கச் சொல்லி."

அவன் கவிழ்த்துவைத்த டம்ளர் ஒன்றை நகர்த்திவைத்தான்.

"அது கரண்ட் வந்ததுக்கு அப்புறம்தான். கரண்ட் வந்து விளக்கு எரிஞ்சதும்தான் நான் மறுபடி உக்காந்தேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"இது நல்லா இருக்கான்னு கேட்டேனே?"

"நல்லாத்தான் இருந்துது."

"ம்னு மட்டும் சொன்னீங்க."

"ஆமா."

அவள் கத்துவாள், அழுவாள், அண்ணனோடு சேர்த்து இவனையும் நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தான். கேட்டிருந்தால் பதிலுக்கு அவனும் அழுது தீர்த்திருப்பான். அவள் கழுவிய டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். "பழி போட்டதக்கூட விடுங்க," என்றாள். "மாமாவுக்கு அவர் பயம். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, நான் உருக்குறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. கை ஆடலன்னு வேற நான் சொன்னேன்." டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, அவனைத் தாண்டிப் போனாள். 

அண்ணன் அந்த ஐசியை வாங்கிவந்து, வைக்கவேண்டிய இடத்தையும் குறித்துக் கொடுத்தார். கோணல் எண்களாகப் பார்த்து வைத்து அவனே அளந்தான். ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்ததில் கோடு எந்த எண்ணிலும் அசையாமல் நின்றது. பார்த்தபோது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி திறந்து, அந்தச் சின்ன ஐசியின் கால்களைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஒரே கைதான் உண்டு.

காலையில் அவள் வந்து உட்கார்ந்தாள். சால்டரிங் கம்பி சூடாகும்வரை காத்திருந்தாள். விளக்கை நிமிர்த்தினாள், அது வழக்கம்போலத் தலை குனிந்தது. மறுபடி நிமிர்த்தினாள். அவன் சோதனை மேசையிலிருந்து எழுந்து வந்து விளக்கின் கழுத்தைப் பிடித்தான்.

"வேணாம்," என்றாள்.

"நான் பிடிக்கிறேனே."

"வேணாங்க. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை, அந்நியர் ஒருவரிடம் சொல்வது மாதிரி சொன்னாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் டீத்தூள் டப்பாவை எடுத்துவந்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, விளக்கின் தலையை அதில் சாய்த்தாள். வெளிச்சம் போர்டின் பாதியில்தான் விழுந்தது. மற்றப் பாதிக்கு அவள் போர்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அவன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து முதல் பெட்டி முடிந்து மேசையின் ஓரத்துக்கு வந்தது. வழக்கமாக அவள் கையில்தான் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து, கோணல் எண்ணில் வைத்து அளந்தான். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.